ஆங்கிலத்தை ஓதுகிறோம், விளங்குகிறோமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்த பின் நடந்த நிகழ்ச்சி இது. ஊரைச் சூழ வாழ்ந்த யூதர்களிடமிருந்து கடிதங்கள் வரும். அவற்றுக்குப் பதிலும் எழுத வேண்டியிருக்கும். எழுத்தோ யூதர்களுடைய எழுத்து. வாசித்துச் சொல்பவரும், எழுதிக் கொடுப்பவரும் அவர்களுள் ஒருவராகவே இருந்தாக வேண்டிய நிலை. வாசித்துச் சொன்னது கடிதத்தில் உள்ளதுதானா, எழுதப்பட்டது தாம் சொன்னதுதானா என்பதை எவ்வாறு அறிவது? அன்சாரித் தோழர்களுள் இளம் வயதினரான ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை அழைத்து, அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் ஸைத் (ரலி) அதைக் கற்றுத் தேர்ந்துவிட்டார் என்றும், அதன் பின் வரும் கடிதங்களை அவரே வாசித்துக் காட்டினார், போகும் கடிதங்களை அவரே எழுதினார் என்றும் திர்மிதீ முதலான ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனை ஓர் ஏடாகத் திரட்டும் பெரும் பொறுப்பு இவரிடமே ஒப்படைக்கப்பட்டதை யாவரும் அறிவர்.

பிற மொழி கற்பது மார்க்கத்திற்கு முரணன்று என்பதைக் காட்ட இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் எடுத்துரைப்பது வழக்கம். அது சரியே. ஆனால் அம்மொழியைக் கற்கும்படி கட்டளையிட்டதன் காரணத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நமக்கு வந்த எழுத்தை நமக்காக மற்றொருவர் வாசித்துச் சொல்லும் நிலை நீங்க வேண்டும் என்பதல்லவா அந்தக் காரணம்? அந்த நிலை நம் இல்லங்களிலிருந்து நீங்கிவிட்டதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, மேலப்பாளையத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்திருந்தது. பிளஸ் டூ தேறியவர். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். சிறுவயதிலேயே மக்தபில் குர்ஆனை ஓதி முடித்தவர். கையில் வேலை ஒப்பந்தம் இருந்தது. தாளின் ஒரு பக்கம் அரபி, மறு பக்கம் ஆங்கிலம். “வாசித்துக் காட்டு தம்பி” என்றேன். தங்கு தடையின்றி வாசித்தார். நான்காவது பிரிவில் தங்குமிடம் பற்றிய வாக்கியம் வந்தது. “இதற்கு என்ன பொருள்?” என்றேன். “கம்பெனி தங்க இடம் தரும், மாமா. ஏஜெண்டும் அப்படித்தான் சொன்னார்” என்றார். வாக்கியத்தில் இருந்த வினைச்சொல்லோ ‘மே ப்ரொவைட்’. தரும் என்பதன்று; தரலாம் என்பது. தந்தாலும் தரும், தராவிட்டாலும் கேட்க வழியில்லை. ‘ஷேல் ப்ரொவைட்’ என்று இருந்திருந்தால் அது கடமை. பள்ளியில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கப்பட்ட இலக்கணம், இப்போது மாதந்தோறும் ஒரு பெரும் தொகையாக அவர் முன் வந்து நின்றது. கையெழுத்து அதற்கு முன்பே போட்டாகிவிட்டது.

என்னை வருத்தியது அந்த வாடகைப் பணம் மட்டுமன்று. அந்தத் தாளின் அரபிப் பக்கத்தையும் அவரால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். ஆங்கிலப் பக்கத்தையும் வாசிக்க முடியும். இரண்டையும் வாசித்தார், இரண்டும் விளங்கவில்லை. ஏஜெண்டு வாய்மொழியாகச் சொன்ன தமிழ் மட்டுமே விளங்கியது.

நம் சமுதாயத்தில் ‘ஓதுதல்’ என்றொரு சொல்லும், ‘விளங்குதல்’ என்றொரு சொல்லும் தனித்தனியே வழங்கி வருகின்றன. இறைமறையைப் பொருள் அறியாமல் ஓதினாலும் நன்மை உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் பத்து நன்மை என்பது நபிமொழியின் கருத்து. அந்த ஓதலைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆங்கில எழுத்து எதற்கும் அப்படியொரு வாக்குறுதி யாரும் தரவில்லையே! விளங்காமல் வாசித்த ஆங்கிலத்திற்கு இம்மையிலும் கூலியில்லை, மறுமையிலும் கூலியில்லை. இருந்தும் நாம் அதை ஓதிக்கொண்டுதான் இருக்கிறோம். நம் பிள்ளைகளையும் ஓத வைக்கிறோம்.

இது மிகையன்று. உரைப்பகுதியைக் கொடுத்து அதன் கீழ்க் கேள்விகள் கேட்கும் பயிற்சி எல்லா ஆங்கிலத் தேர்விலும் உண்டு. படித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிப்பதே அதன் நோக்கம். அதை நம் பிள்ளைகள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதை ஒரு சிறு சோதனையால் காட்டுகிறேன். பின்வரும் இரு வாக்கியங்களைப் பாருங்கள்: “கமுலன் ஒருவன் சிந்தளியில் துமுக்கிக்கொண்டிருந்தான். பெலவை வந்ததும் அவன் நொய்சினான்.” ‘வந்ததும்’ போன்ற ஓரிரு சொற்கள் நீங்கலாக, இவற்றில் உள்ள பெயர்களும் வினைகளும் நானே கட்டிய வெற்றொலிகள். இப்போது கேள்வி: கமுலன் எங்கே துமுக்கினான்? சிந்தளியில். எப்போது நொய்சினான்? பெலவை வந்ததும். முழு மதிப்பெண்! கேள்வியில் உள்ள சொல்லை உரைப்பகுதியில் தேடிப்பிடித்து, அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுதும் இந்த உபாயத்தைச் சில டியூஷன் ஆசிரியர்களே கற்றுக்கொடுக்கிறார்கள். தேர்வில் தேறுவதற்கு அது போதும். ஒப்பந்தத்தில் ‘மே’ என்பதற்கும் ‘ஷேல்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைக் காண அது போதாது. “கமுலன் ஏன் நொய்சினான், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று கேட்டுப் பாருங்கள், உபாயம் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர். காயல்பட்டினத்திலும், கீழக்கரையிலும், இந்தத் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் நம் பாட்டிமார் அரபுத் தமிழ் வாசித்தார்கள். தமிழ் ஒலிகளுக்கென்று சில எழுத்துகளைக் கூட்டிச் சேர்த்த அரபு லிபியில் எழுதப்பட்ட தமிழ் அது. இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் நூல்கள் அவ்வெழுத்தில்தான் வீடுதோறும் சென்றன. பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்காத பெண்கள் மார்க்கச் சட்டத்தையும் நபி வரலாற்றையும் அதில் வாசித்தார்கள். எழுத்து அயல் எழுத்து. ஆனால் வாசித்த ஒவ்வொரு வரியும் விளங்கியது. விளங்காத இடத்தில் நிறுத்தி, ஆலிம்சாவிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். அந்தப் பெண்களின் பேத்தியர் இன்று பட்டம் பெற்றிருக்கிறார்கள். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டரில் நிரப்பித் தருகிறார்கள்; அதில் என்ன நிரப்பினார்கள் என்பது மடியில் பீடித்தட்டு வைத்திருக்கும் தாய்க்கும் தெரிவதில்லை, பட்டம் பெற்ற மகளுக்கும் தெரிவதில்லை. இதை முன்னேற்றம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆங்கிலம் கற்றால் ஈமானுக்கு ஊறு நேரும் என்ற அச்சம் ஒரு காலத்தில் நம்மிடையே வலுவாக இருந்தது. 1875 இல் அலிகாரில் கல்விக்கூடம் தொடங்கிய ஸர் ஸையித் அஹ்மத் கான் மீது குஃப்ர் ஃபத்வாக்களே வந்தன. இத்தனைக்கும் அவர் ஆங்கிலப் புலமையில் பெயர் பெற்றவர் அல்லர். நூல்களை மொழிபெயர்த்து மக்களுக்கு விளங்கச் செய்யவேண்டும் என்பதற்காக 1864 இலேயே ஒரு சங்கம் அமைத்தவர். நம் காயல் வணிகர்கள் கடை வைத்திருந்த இலங்கையில் நடந்தது இதைவிட வியப்பானது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற எகிப்தின் உராபி பாஷாவும் அவர் தோழர்களும் 1883 இல் அத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் எகிப்தின் பிரதமராக இருந்த மஹ்மூத் ஸாமி அல்பாரூதி. புது அரபுக் கவிதைக்கு முன்னோடி. தம் நாட்டைப் பறித்தவர்களின் மொழியை அவர் அந்தச் சிறைத்தீவில் உட்கார்ந்து கற்றார். உராபியின் ஊக்கத்தைத் துணையாகக் கொண்டு கண்டியின் வழக்கறிஞர் சித்திலெப்பை பாடுபட்டதன் பயனாக, 1892 இல் கொழும்பு மருதானையில் ஸாஹிரா தோன்றியது. ஆங்கிலேயர் மீது பகை உண்டு, அவர்கள் மொழி மீது பகை இல்லை என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

இன்று அந்த அச்சம் போய்விட்டது. 1971 முதல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி நம் பிள்ளைகளுக்கு அருகிலேயே இருக்கிறது. தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் பெற்ற பாளையங்கோட்டை நமக்குக் கூப்பிடு தூரம். அச்சம் போன இடத்தில் இப்போது மயக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் டையும் காலில் ஷூவும் மாட்டி, எல்.கே.ஜி. முதல் பெருந்தொகை கட்டி, பிள்ளை ‘மம்மி, டாடி’ என்று அழைப்பதைக் கேட்டு மகிழ்ந்தால் ஆங்கிலம் வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். ‘உம்மா, வாப்பா’ என்பதில் என்ன குறை கண்டோமோ, தெரியவில்லை.

நிற்க. இதற்கு என்ன வழி?

மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை நெடுநாள் ஆராய்ந்து 1926 இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் நடுவிலேயே படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்துகிறவனுக்கு, அதுவரை கற்ற ஆங்கிலத்தால் கையில் மிஞ்சுவது என்ன என்று கேட்டார். ஆயுள் காப்பீட்டை நடுவில் முறித்தால் கிடைக்கும் சரண்டர் தொகையை இதற்கு உவமையாகச் சொன்னார். (காப்பீடு கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை ஆலிம்களிடம் விட்டுவிட்டு உவமையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) அரைகுறையாகக் கற்ற பேச்சு, பேச ஆளில்லாவிட்டால் சில மாதங்களில் மறந்துபோகும். ஆனால் எளிய புத்தகத்தைத் தானே வாசித்து விளங்கும் ஆற்றல் வந்துவிட்டால், பள்ளியை விட்ட பிறகும் அது தானாக வளரும். ஆகவே வாசிப்பு முதலில் என்பது அவர் முடிவு. குறைந்த சொற்களில் எழுதிய வாசிப்புப் புத்தகங்களை அவர் உருவாக்கினார். 1953 இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் உள்ளன. பொதுவான ஆங்கில எழுத்தில் மிகப் பெரும் பகுதியை இவையே நிரப்புகின்றன. நாளொன்றுக்கு ஐந்து சொல் என்றால் 400 நாள்.

பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் நம் பெண்மக்களின் படிப்பு நிறுத்தப்படும் வீடுகள் இன்றும் உள்ளன. நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. நிறுத்தியே தீருவோம் என்பவர்களும் அந்தப் பெண்ணின் கையில் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஐந்து சொல் என்றேன். அகராதியிலிருந்து ஐந்து சொல்லைப் பொறுக்கி, எதிரே தமிழ்ப் பொருளை எழுதி உருப்போடுவதை நான் சொல்லவில்லை. பத்தமடையில் கோரையை மெல்லியதாகக் கிழித்து, ஓடும் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த பிறகே பாய் நெய்கிறார்கள். சொல்லும் அப்படியே, வாக்கியத்தில் ஊறவேண்டும். ஒரே சொல்லை ஐந்தாறு வாக்கியங்களில், ஐந்தாறு நாள்களில் சந்திக்க வேண்டும். இதற்கான முறை நம்மிடமே இருக்கிறது. மக்தபில் உஸ்தாத் என்ன செய்கிறார்? அன்றைய ஸபக் சிறிதுதான். ஆனால் நேற்றைய பாடத்தையும் அதற்கு முந்தியதையும் ஒப்புவிக்காமல் புதிய ஸபக் கிடையாது. ஒரு நாளும் தவறுவதில்லை. ஹிப்ழு செய்யும் பிள்ளைகள் முப்பது ஜுஸ்வையும் நெஞ்சில் ஏற்றுவது இந்த ஒழுங்கினால்தான். தேர்வுக்கு முந்திய பத்து நாள்களில் ஆங்கிலத்தை அள்ளிப் போட்டுக்கொள்ளும் நம் பழக்கத்தை அந்த உஸ்தாத் கண்டால் சிரிப்பார்.

மக்தபில் ஓதிய பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பதில் சில வசதிகளும் உண்டு. இதைப் பள்ளி ஆசிரியர்கள் கூடக் கவனிப்பதில்லை. தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஒலிகள் ஆங்கிலத்தில் பல. ஃபாத்திஹாவின் முதலெழுத்தை உதட்டில் பல் பதித்து ஓதப் பழகிய பிள்ளைக்கு ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகாது. மூன்று புள்ளி ‘ஸா’வுக்கு நாக்கின் நுனியை மேற்பல்லின் விளிம்பில் வைக்க வேண்டும் என்று தஜ்வீதில் படித்தோமே, ஆங்கிலத்தில் ‘மூன்று’ என்ற எண்ணின் முதல் ஒலி அதுவேதான். புள்ளி வைத்த ‘தால்’ ஆங்கிலத்தில் ‘இது’ என்னும் சொல்லின் முதல் ஒலி.

இலக்கணத்திலும் அப்படியே. தமிழில் இல்லாத ‘ஏ’, ‘தி’ என்ற இரு சிறு சொற்கள் நம் பிள்ளைகளைப் படுத்தும் பாடு சொல்லி முடியாது. ‘கிதாபுன்’ என்றால் ஏதோ ஒரு நூல், ‘அல்கிதாப்’ என்றால் நாம் அறிந்த அந்த நூல் என்று மக்தபில் ஒருமுறை விளக்கினால் போதும். ‘ஏ புக்’, ‘தி புக்’ என்பதன் வேறுபாடு அங்கேயே விளங்கிவிடும். வினைச்சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அரபியில் பெரும்பாலும் அது வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கிறது. தமிழிலோ எல்லோரும் வந்து அமர்ந்த பிறகு கடைசியில் வருகிறது. நீண்ட ஆங்கில வாக்கியத்தைக் கண்டு மலைக்கும் பிள்ளையிடம், “முதலில் யார் என்று பார், அடுத்து என்ன செய்தார் என்று பார், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லுங்கள். பாதி மலைப்பு தீரும்.

சொற்களிலும் பழைய உறவினர் பலர் இருக்கிறார்கள். ‘காட்டன்’ அரபியின் குத்ன், ‘ஜீரோ’ ஸிஃப்ர், ‘டாரிஃப்’ தஃரீஃப், ‘அல்ஜீப்ரா’ அல்ஜப்ர். நம் கட்டுமரமும் சுருட்டும் கூட ஆங்கில அகராதியில் ஏறியிருக்கின்றன.

இனி ஒன்று சொல்வேன். சிலருக்கு அது கசக்கும். ஆங்கிலத்தை விளங்கினோமா என்று அறிய நமக்குள்ள உரைகல் தமிழ்தான். ஒரு பத்தியை வாசித்த பிள்ளையிடம், “இதை உன் உம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். சொன்னால் விளங்கியிருக்கிறது, திணறினால் ஓதியிருக்கிறது. உம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. “அப்படியா? ஏன் அப்படிச் செய்தான்? பிறகு என்ன ஆயிற்று?” என்று அவர் கேட்டாலே போதும், அதைவிடச் சிறந்த ஆங்கில ஆசிரியை வேறு எங்கும் கிடைக்கமாட்டார். ஆனால் தமிழில் பேசினால் தண்டனை என்று சொல்லும் பள்ளிகளுக்கு அனுப்பி, இந்த உரைகல்லையும் நாமே பிடுங்கி எறிகிறோம். தமிழ் நாளேட்டின் இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் வளர்கிறார்கள். தாய்மொழியில் ஒரு பத்தியின் கருத்தைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு அயல்மொழியில் அது எங்ஙனம் வசப்படும்?

காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் நம் பேட்டையில் 1896 இல் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரியைத் துறந்து வெளியேறினார்; ஆங்கிலத்தைத் துறக்கவில்லை. 1949 இல் அரசியல் நிர்ணய சபையில் மொழி பற்றிய விவாதம் நடந்தபோது தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். எந்த மொழியில்? நாட்டின் பல திக்கிலிருந்தும் வந்திருந்த உறுப்பினர்களுக்கு விளங்கும் ஆங்கிலத்தில். தமிழ் மீது கொண்ட பற்றும் ஆங்கிலத்தில் கொண்ட தேர்ச்சியும் ஒரே நெஞ்சில் ஒன்றுக்கொன்று துணையாக இருக்க முடியும் என்பதற்கு நம் ஊர்க்காரரே சான்று.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் மனம் வைத்தால், அஸருக்குப் பின் அரைமணி நேரம், பத்துப் பிள்ளைகள், எளிய புத்தகம் ஒன்று, தமிழில் கருத்தைக் கேட்டு வாங்க ஒருவர் என்று தொடங்கிவிடலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுத் திண்ணை போதும். பாடப் புத்தகம் வேண்டாம். மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், பயணச் சீட்டின் பின்புறம், ஆங்கில நாளேட்டின் ஒரு சிறு செய்தி, வெளிநாட்டிலுள்ளவர் அனுப்பிய தாள் எதுவாயினும் போதும். பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோருக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே மீட்புத் தொகையாக விதித்த மார்க்கம் இது. எதிரியிடமிருந்தும் எழுத்தைக் கற்கச் செய்தவர்களின் உம்மத்திற்குச் சொந்தத் தெருவில் பத்துப் பேரைக் கூட்டுவது கடினமாக இராது.

ஒப்பந்தத்தோடு வந்த அந்த இளைஞரின் தங்கை இப்போது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து வாசிக்கிறாள். அவளோடு மூன்று பெண்கள். முதல் ஆண்டு முழுதும் அண்ணன் தங்குமிட வாடகையைச் சம்பளத்திலிருந்தே கொடுத்தார். சென்ற மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் வந்திருக்கிறது. அதைப் படமெடுத்துக் கைபேசியில் தங்கைக்கு அனுப்பினார். அவள் இரண்டு நாள் வைத்திருந்து, தெரியாத சொற்களுக்கு அகராதி பார்த்து, ஒவ்வொரு பிரிவையும் தன் உம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பிறகு அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள்: “அண்ணே, நாலாவதில் இன்னும் ‘மே’ என்றுதான் இருக்கிறது. ‘ஷேல்’ என்று மாற்றித் தருவார்களா என்று கேள். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதே.”

அவர் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. கையெழுத்தும் இன்னும் போடவில்லை.